சி.என்.சி. லேத்தை இறக்கி வைத்தால் மட்டும் போதாதா?

1960களில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையில், கை லேத் ஓட்டிப் பழகிய பட்டறைக்கு முதல் சி.என்.சி. லேத் வந்தால் எழும் கேள்வி இது. போதாது.

ஏன்? லேத்தின் கனத்த இரும்புப் படுக்கையும் வளையும். ஒரு கால் சரியாகத் தரையில் ஊன்றாவிட்டால், தன் எடையாலேயே அது லேசாக முறுகும். அப்போது டூல் செல்லும் பாதை ஸ்பிண்டிலின் அச்சுக்கு இணையாக இராது. ஒரே விட்டத்தில் வர வேண்டிய ஷாஃப்ட் ஒரு முனையில் பருத்து, மறுமுனையில் சிறுக்கும். புரோகிராமில் பிழையே இல்லாவிட்டாலும் அளவு தவறும்.

எப்படிச் சரிசெய்வது? மீட்டருக்கு 0.02 மி.மீ. சரிவையும் காட்டும் ரசமட்டத்தை நெடுக்கிலும் குறுக்கிலும் வைத்து, லெவலிங் போல்ட்டுகளைச் சிறிது சிறிதாகத் திருப்ப வேண்டும். லேத்துக்கு அடியில் போட்ட புதுக் கான்கிரீட் அமர்வதால், சில வாரங்கள் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும்.

அடுத்தது வெப்பம். 100 மி.மீ. எஃகு 10 டிகிரி சூடேறினால் சுமார் 0.012 மி.மீ. நீளும். தகரக் கூரைப் பட்டறையில் சித்திரை வெயிலுக்கு இவ்வளவு சூடேறுவது சாதாரணம். ஓடும் ஸ்பிண்டிலும் சூடாகி விரியும். அதனால்தான் காலையில் அதைச் சற்று நேரம் வெறுமனே ஓட்டி, வெப்பம் நிலைத்த பிறகே ஜாப் போட்டு அளவு பிடிக்கிறார்கள்.