விற்பது நேரம், கணக்கு எங்கே?

மட்டக்களப்பு நகரிலும் காத்தான்குடி, ஏறாவூர்ப் பக்கங்களிலும் ஐந்தாறு பேரோடு இயங்கும் பொறியியல் ஆலோசனை அலுவலகங்கள் இருக்கின்றன. கட்டட வரைபடம், பீ.ஓ.கியூ., மேற்பார்வை என்பனவே தொழில். அப்படிச் சில அலுவலகங்களின் கணக்குப் பார்ப்பவன் நான். "நானா, ஈ.ஆர்.பி. எடுப்போமா?" என்று அண்மையில் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். கணக்கு, சம்பளம், கொள்வனவு, வேலைத்திட்டம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பதியும் மென்பொருளைத்தான் ஈ.ஆர்.பி. என்கிறோம்.

கடைக்காரருக்குச் சரக்குக் குறைவது கண்ணில் படும். ஆலோசனை நிறுவனம் விற்பதோ ஆட்களின் நேரம். பன்னிரண்டு இலட்சம் ரூபா கட்டணத்துக்கு 400 மணித்தியாலம் போதும் என்று ஒரு வேலையை எடுக்கிறோம் என்று வையுங்கள். சம்பளம், ஈ.பி.எப். 12 சதவீதம், ஈ.ரி.எப். 3 சதவீதம், வாடகை, வாகனம் எல்லாம் சேர்த்து மணித்தியாலத்துக்கு 2,000 ரூபா செலவு. இலாபம் நான்கு இலட்சம். உரிமையாளர் வரைபடத்தை மூன்று தடவை மாற்றி, வேலை 650 மணித்தியாலமாக இழுபட்டால் செலவு பதின்மூன்று இலட்சம். இலாபம் போய் ஒரு இலட்சம் நட்டம். நேரத்தை எழுதி வைக்காத அலுவலகத்தில் இது யாருக்கும் தெரியாது. காசு வந்தது, பில் கட்டினோம், அவ்வளவுதான்.

இந்தத் துறை எமக்குத் தூரமானதல்ல. 1983இல் சுவீடனில் தொடங்கிய ஐ.எப்.எஸ். நிறுவனம் 1997 முதல் இலங்கையில் மென்பொருள் உருவாக்க நிலையம் நடத்துகிறது. ஆனால் அதன் வாடிக்கையாளர்கள் பெரிய நிறுவனங்கள். ஆறு பேர் அலுவலகத்துக்கு அந்தச் சட்டை பொருந்தாது.

பெரியவர்களும் இதில் கையைச் சுட்டிருக்கிறார்கள். ஜேர்மனியின் லிடில் கடைத்தொகுதி ஏழு வருட உழைப்பையும் ஏறத்தாழ 50 கோடி யூரோவையும் கொட்டிய சேப் மென்பொருள் திட்டத்தை 2018இல் கைவிட்டது. லிடில் கையிருப்பைக் கொள்விலையில் கணிக்கும். மென்பொருளின் வழமையோ விற்பனை விலையில் கணிப்பது. பழைய வழக்கத்தை விடாமல் மென்பொருளை வளைக்கப் போய்ச் சிக்கல் பெருத்தது. கொள்விலை, விற்பனை விலை என்ற வித்தியாசம் எமது கடைத்தெருவில் சின்னப் பையனுக்கும் தெரியும்!

மாதக் கட்டணம் டொலரில் என்றால் யோசியுங்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. மென்பொருள் அதேதான், பில் மட்டும் ஏறியது. மும்பாயில் உருவான ஈ.ஆர்.பி.நெக்ஸ்ட் போன்ற திறந்த மூல மென்பொருட்களுக்கு உரிமக் கட்டணம் இல்லை. ஆனாலும் நிறுவி, பழுது பார்க்க ஆள் வேண்டும். அந்தச் செலவை முதலிலேயே எழுதிப் பாருங்கள்.

கேட்டவர்களுக்கு நான் சொன்னது இதுதான். ஒவ்வொரு வேலைக்கும் ஓர் இலக்கம் போடுங்கள். முதலாளி உட்பட எல்லோரும் மாலையில் எந்த இலக்கத்துக்கு எத்தனை மணித்தியாலம் என்று எக்செலில் மூன்று மாதம் எழுதுங்கள். எழுதி முடித்தால் மென்பொருள் பேசலாம். விற்க வருபவரிடம் ஒரு கேள்வி கட்டாயம்: நாங்கள் விலகினால் எங்கள் தரவுகளை முழுதாக எக்செலில் எடுத்துக் கொள்ளலாமா? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.