பழைய வீடியோக் கசட்டை இறுவட்டுக்கு மாற்றும் தொழில்: அனுபவத்தில் கண்டவை

2019 ஆம் ஆண்டு ஒரு நாள் மாலை, சாய்ந்தமருதைச் சேர்ந்த ஒருவர் என் கடைக்கு வந்தார். கையில் ஒரு டிவிடி. உறையில் என் கடையின் முத்திரை இருந்தது.

"நானா, இது ஓடுதில்ல. 2006ல நீங்கதான் செஞ்சு தந்த" என்றார்.

அவருடைய மூத்த சகோதரியின் 1993 ஆம் ஆண்டுத் திருமண வீடியோ அது. 2004 சுனாமியில் மௌத்தான அவரது உம்மா நடமாடுவதையும் பேசுவதையும் காட்டும் பதிவு அந்தக் குடும்பத்திடம் அது ஒன்றுதான். சம்மாந்துறையில் சகோதரியின் வீட்டில் இருந்ததால் கசட் கடலுக்குத் தப்பியிருந்தது. அந்தக் கசட் எங்கே என்று கேட்டேன். "இனிக் கசட் தேவல்ல எண்டு நீங்கதானே சொன்ன. வீடு கட்டக்குள்ள வீசிட்டம்" என்றார்.

சொன்னது உண்மைதான். அந்த நாட்களில் எல்லா வாடிக்கையாளருக்கும் அப்படித்தான் சொன்னேன். டிவிடி என்றால் ஆயுட்காலத்துக்கும் போதும் என்று நானே நம்பியிருந்தேன். கணனியில் இருந்த பிரதியையும், ஹாட் டிஸ்க் நிறைந்துவிட்டதென்று அழித்துவிட்டிருந்தேன். மூன்று வெவ்வேறு டிவிடி ட்ரைவ்களில் மாற்றி மாற்றிப் போட்டு, இரண்டு நாட்களில் மூன்றில் இரண்டு பங்கை மீட்டோம். இறுவட்டில் பதிவு நடுவிலிருந்து தொடங்கி வெளி விளிம்பை நோக்கிச் செல்லும். கெடுவது பெரும்பாலும் விளிம்பிலிருந்துதான் தொடங்கும். ஆகவே போனது வீடியோவின் கடைசிப் பகுதி. உம்மா கமராவைப் பார்த்து நான்கு வார்த்தை பேசிய இடம் அதில்தான் இருந்தது.

அவர் என்னைக் குறை சொல்லவில்லை. பணமும் தர முற்பட்டார். நான் வாங்கவில்லை. இந்தத் தொழிலை இன்றும் செய்பவர்களும், புதிதாகத் தொடங்க எண்ணும் ஸ்டூடியோ, கணனிக் கடை உரிமையாளர்களும் என் தவறிலிருந்து தப்பிக்கட்டும் என்றே இதனை எழுதுகின்றேன்.

தொழில் முடிந்துவிட்டது என்று பலர் நினைக்கின்றனர். உண்மையில் கசட் வைத்திருப்பவர்களுக்கு இப்போதுதான் அவசரம் பிடித்திருக்கிறது. வீட்டில் டெக் இல்லை. உலகில் கடைசியாக டெக் தயாரித்து வந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. இனி நமக்குக் கிடைப்பதெல்லாம் பாவித்த டெக்தான். நாடாவும் முதுமையடைகிறது. பிளாஸ்டிக் நாடாவின் மேல் காந்தத் துகள்களைப் பிடித்து வைத்திருக்கும் பசை, நமது கரையோர ஈரக் காற்றில் மெல்ல மெல்லக் கெட்டுப்போகிறது. நாடாச் சுருளின் விளிம்பில் வெள்ளைப் பூஞ்சணம் பிடிக்கிறது.

கசட் கைக்கு வந்ததும் முதலில் செய்ய வேண்டியது, அதன் முதுகுப் பக்கத்திலுள்ள சிறிய பிளாஸ்டிக் துண்டு உடைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது. இல்லாவிட்டால் உடைத்துவிடுங்கள். அது இருக்கும்வரை, தவறுதலாக ரெக்கோர்ட் பொத்தானில் விரல் பட்டால் திருமணத்தின் மேல் உங்கள் கடைச் சுவர் பதிவாகிவிடும். அடுத்து மூடியைத் திறந்து வெளிச்சத்தில் நாடாவைப் பாருங்கள். பூஞ்சணம் இருந்தால் அதை நல்ல டெக்கில் போடவே கூடாது. ஒரு கசட்டின் பூஞ்சணம் ஹெட்டில் ஒட்டி, பின்னர் வரும் பத்துப் பேரின் கசட்டுக்கும் பரவும். அவ்வாறானவற்றைச் சுத்தம் செய்து ஓட்டவென்றே ஒரு பழைய டெக்கை ஒதுக்கி வைத்திருக்கின்றேன். நல்ல கசட்டையும் எடுத்த எடுப்பில் ஓட்டாமல், ஒரு தடவை முழுவதுமாக முன்னுக்கும் பின்னுக்கும் சுற்றிவிட்டு ஓட்டுவது நல்லது. பல வருடங்கள் அசையாமல் கிடந்த நாடாவின் இறுக்கம் அப்போதுதான் சீராகும்.

ஹெட் சுத்தம் செய்வதில் நம்மவர்கள் செய்யும் பிழை, காது துடைக்கும் பஞ்சுக் குச்சியைப் பாவிப்பது. பஞ்சு இழை சிக்கினால் ஹெட் உடைந்துவிடும். நிமிடத்துக்கு 1,500 தடவை சுழலும் உருளையில் பதித்த, மிக நுண்ணிய பொருள் அது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஐசோபுரோப்பைல் அல்கஹோலில் நனைத்த மென்தோலை உருளையில் அழுத்தாமல் வைத்துக்கொண்டு, உருளையைக் கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். மேலும் கீழும் ஒருபோதும் தேய்க்கக் கூடாது.

வெளிநாட்டுக் கசட்டுகள் பற்றி ஒரு விடயம். சவூதியில் பதிவு செய்து அனுப்பப்பட்ட கசட் நமது டெக்கில் கறுப்பு வெள்ளையாகத் தெரிந்தால், கசட் கெட்டுவிட்டதாகச் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். நமது நாட்டில் பாவிக்கப்பட்டது 'பால்' எனும் நிற முறை. சவூதியில் 'செகம்' முறை இருந்தது. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் 'என்டிஎஸ்சி'. பல முறைகளையும் ஓட்டக்கூடிய மல்டி சிஸ்டம் டெக் ஒன்று கடையில் இருந்தால், அடுத்த கடை திருப்பி அனுப்பிய வேலை உங்களிடம் வரும். அது மட்டுமல்ல. அந்த நாட்களில் கல்யாண வீடியோவைப் பிரதியெடுத்து வெளிநாட்டிலிருந்த உறவினருக்கு அனுப்புவது வழக்கம். இங்குள்ள கசட் பழுதாகியிருந்தால் அங்கே ஒன்று கிடக்கலாம். வாடிக்கையாளரிடம் அதைக் கேட்டுப் பாருங்கள். சாய்ந்தமருது நண்பரிடமும் கேட்டேன். கட்டாரில் இருந்த மச்சானுக்கு ஒன்று போனது, அவர் ஊருக்கு வரும்போது அதைக் கொண்டுவரவில்லை என்றார்.

சிறிய கசட்டுகளிலும் தடுமாற்றம் உண்டு. வீஎச்எஸ்-சி எனும் சிறிய கசட்டை அதற்கான அடப்டரில் வைத்துச் சாதாரண டெக்கிலேயே ஓட்டலாம். வீடியோ 8, ஹை 8 கசட்டுகளுக்கு அப்படி அடப்டர் கிடையாது. இருக்கிறதென்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். அதே வகைக் கமரா வேண்டும். சோனியின் டிஜிட்டல் 8 கமராக்களில் சில மாதிரிகள் இவற்றையும் ஓட்டும். மினி டிவி கசட்டில் இருப்பது ஏற்கெனவே டிஜிட்டல் பதிவு. அதனை ஃபயர்வயர் கம்பி மூலம் அப்படியே கணனிக்கு எடுக்க வேண்டும். ஒரு மணித்தியாலத்துக்கு 13 ஜீபீ அளவில் இடம் பிடிக்கும். மஞ்சள், வெள்ளை, சிவப்புக் கம்பியால் எடுப்பவர் வாடிக்கையாளரின் தரத்தை வீணாக்குகின்றார்.

இனி இறுவட்டுக்கு வருவோம். ஆரம்பத்தில் நாம் கொடுத்தது வீசீடி. ஒன்றில் 74 முதல் 80 நிமிடம் வரை அடங்கும். படத்தின் அளவு 352க்கு 288 புள்ளிகள்தான். அதன்பின் வந்த டிவிடியில் 720க்கு 576. 4.7 ஜீபீ கொண்ட ஒரு டிவிடியில் உயர் தரத்தில் ஒரு மணித்தியாலமும், கண்ணுக்குக் குறை தெரியாத தரத்தில் இரண்டு மணித்தியாலமும் பதியலாம். ஆனால் ஈ-180 கசட் மூன்று மணித்தியாலம். இரண்டு டிவிடி கொடுக்க வேண்டிய இடத்தில், ஒரு டிவிடியின் விலையை மிச்சம்பிடிக்க மூன்றையும் ஒன்றுக்குள் திணித்தோம். ஆட்கள் அசையும் இடமெல்லாம் கட்டம் கட்டமாக உடைவது அதனால்தான். மலிவான டிவிடியில் பதிவைத் தாங்குவது ஓர் இரசாயனச் சாயம். வெயிலும் சூடும் ஈரமும் அதைக் கெடுக்கும். மேலே ஒட்டும் ஸ்டிக்கரும் போல்பொயின்ட் பேனையும் கூட அதற்குக் கேடுதான்.

இப்போதும் சிலர், குறிப்பாக முதியவர்கள், டிவிடியே கேட்கின்றனர். கொடுங்கள். நல்ல வகை வெற்று இறுவட்டில், அதிவேகத்தில் அல்லாது நடுத்தர வேகத்தில் எழுதி, 'ஃபைனலைஸ்' செய்து, வேறொரு பிளேயரில் கடைசி ஐந்து நிமிடங்களை ஓட்டிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். ஆனால் அதனுடன் எம்பி4 கோப்பு ஒன்றும் கட்டாயம் போக வேண்டும். புதிய மடிக்கணனிகள் பலவற்றில் டிவிடி ட்ரைவே கிடையாது. சோனி நிறுவனம் பதிவு செய்யக்கூடிய புளூ-ரே இறுவட்டுகளினதும் மினி டிவி கசட்டுகளினதும் உற்பத்தியை 2025 பெப்ரவரியில் முடித்துக்கொண்டது. மூன்று மணித்தியால வீடியோ எம்பி4 இல் ஆறு, ஏழு ஜீபீக்குள் அடங்கும். பென் ட்ரைவ் பழைய ஃபாட் 32 முறையில் இருந்தால் 4 ஜீபீக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது. எக்ஸ்ஃபாட் முறைக்கு மாற்றுங்கள், அல்லது இரண்டாகப் பிரித்துக் கொடுங்கள். பென் ட்ரைவையும் ஒன்றை மட்டும் நம்ப வேண்டாம், இரண்டு இடத்தில் வைத்திருங்கள் என்று சொல்லியனுப்புகின்றேன். கசட்டை வீசவேண்டாம் என்றும் சொல்கின்றேன்.

கட்டணத்தில்தான் பலர் நட்டப்படுகின்றனர். கசட்டுக்கு இவ்வளவு என்று விலை வைப்பது தவறு. மூன்று மணித்தியாலக் கசட் ஓடி முடிய மூன்று மணித்தியாலம் எடுக்கும், அதை எந்தக் கணனியாலும் விரைவுபடுத்த முடியாது. கடை திறந்திருக்கும் எட்டு மணித்தியாலத்தில் ஒரு டெக்கால் இரண்டு கசட்டுக்கு மேல் செய்ய இயலாது. ஆகவே மணித்தியாலக் கணக்கில் விலை சொல்லுங்கள். பூஞ்சணம் துடைப்பதற்கும் அறுந்த நாடா ஒட்டுவதற்கும் வேறு கட்டணம். டெக் தேய்வதற்கும் ஒரு பங்கு ஒதுக்குங்கள். யூபிஎஸ் கட்டாயம் வேண்டும். 2022 இல் மணிக்கணக்காக மின்வெட்டு நீடித்த நாட்களில், நாடா உருளையில் சுற்றிய நிலையில் டெக் நின்றுபோய், கழற்றி எடுக்க நான் பட்ட பாடு சொல்லி மாளாது.

சினிமாப் படக் கசட்டையும் மாற்றித் தரும்படி கேட்போர் உண்டு. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது. நான் செய்வதில்லை.

கடைசியாக, பெண்கள் பகுதி. நமது வீட்டுத் திருமண வீடியோக்களில் பாதி அதுதான். குடும்பத்தார் பல வருடங்களாகக் கசட்டை வெளியே கொடுக்காமல் வைத்திருப்பதற்குக் காரணமும் அதுவே. கசட் நமது கையில் இருக்கும்வரை அமானிதம். என் கடையில் பதிவு நடக்கும் திரை வீதியைப் பார்த்து வைக்கப்படவில்லை. தேவைப்பட்டால் அந்தப் பகுதியை என் மனைவி வீட்டிலிருந்து செய்கின்றார். கசட்டின் எண், நிலை, கொடுக்கும் நாள் எல்லாம் எழுதிய பற்றுச்சீட்டிலேயே ஒரு வரி சேர்த்திருக்கின்றேன்: பிரதி 60 நாட்கள் எங்களிடம் இருக்கும், அதன்பின் அழிக்கப்படும். ஆனால் இப்போது அழிப்பதற்கு முன் தொலைபேசி எடுத்து, "கொடுத்தது ஓடுதா, பார்த்தீங்களா?" என்று கேட்கின்றேன். பாதிப் பேர் இன்னும் பார்க்கவில்லை என்றுதான் சொல்கின்றனர். அவர்கள் பார்த்துச் சொல்லும்வரை பிரதியை அழிப்பதில்லை.