டிபோவுக்குக் கிடைக்காத லீக்

ப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் டிம் டிபோ ஆடிய நான்கு ஆண்டுகளில், 2006 முதல் 2009 வரை, அந்த ஊரே அவரைத் தலையில் தூக்கிவைத்து ஆடியது. மெஸ்ஸி ஆடும் கால்பந்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது கையால் எறிந்து, தோளால் மோதி ஆடும் அமெரிக்கக் கால்பந்து. டிபோ குவாட்டர்பேக். ஒவ்வொரு முறையும் பந்து முதலில் வருவது குவாட்டர்பேக்கின் கைக்குத்தான். ஓடுவதா, எறிவதா, பக்கத்தில் ஓடுகிறவரிடம் கொடுப்பதா என்று கண்ணிமைக்கும் நேரத்தில் முடிவெடுக்க வேண்டியவர் அவர்.

2007-இல் டிபோ எறிந்த பந்தில் 32 டச்டவுன்கள் (பந்தை எதிரணியின் கடைக்கோட்டுக்கு அப்பால் சேர்ப்பது), அவரே தூக்கிக்கொண்டு ஓடியதில் 23. முதல்நிலைக் கல்லூரி ஆட்டத்தில் ஒரே பருவத்தில் இரண்டிலும் இருபதைத் தாண்டியவர் அதற்கு முன் யாரும் இல்லை. ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பை இரண்டாமாண்டு மாணவர் ஒருவருக்குப் போனதும் அதுவே முதல் முறை. அடுத்த ஆண்டு செப்டம்பரில் மிஸிஸிப்பி பல்கலைக்கழக அணியிடம் ப்ளோரிடா ஒரே ஒரு புள்ளியில் தோற்றது. கண் கலங்கியபடி செய்தியாளர் முன் வந்த டிபோ, இனி எங்களைப் போல் யாரும் உழைக்க மாட்டார்கள் என்ற பொருளில் ஒரு சிறு பேச்சுப் பேசினார். அந்தப் பருவத்தில் அணி அதன்பின் தோற்கவே இல்லை. தேசிய சாம்பியன் ஆனது. பேச்சை உலோகப் பலகையில் பொறித்து மைதான வாசலில் வைத்துவிட்டார்கள். பேசியவர் அப்போது இன்னும் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்த மாணவர்!

2010-இல் கல்லூரியை விட்டு வெளியே வந்தபோது எல்லார் வாயிலும் ஒரே கேள்வி: இவர் தொழில்முறையில் தேறுவாரா?

ரசிகர்களுக்குச் சந்தேகமே இல்லை. வென்று பழகியவன் எங்கே போனாலும் வெல்வான் என்றார்கள். தொழில்முறை லீகான என்.எஃப்.எல்-இன் அணிகளுக்காக வீரர்களை எடைபோடுகிறவர்கள் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டிபோவின் இடது கையை. நல்ல குவாட்டர்பேக் பந்தைக் காதோரம் வைத்திருந்து அங்கிருந்தே விடுவிப்பார். டிபோ எறியப் போகும்போது பந்து முதலில் இடுப்பு வரை இறங்கும், பின்னால் போகும், பெரிய வட்டம் போட்டு மேலே ஏறும், அப்புறம்தான் கையை விட்டுப் புறப்படும். அந்த வட்டம் முடிவதற்குள் எதிரணிக் காவலர் இரண்டு எட்டு வைத்துவிடலாம். ஆக்‌ஷன் கோணலான வேகப்பந்து வீச்சாளரை ஊர் ஆட்டத்தில் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள், டெஸ்ட்டில் வந்தால்தான் வண்டவாளம் தெரியும் என்பது போலத்தான் இது.

கல்லூரியில் அந்தக் குறை ஏன் தெரியவில்லை? மைதானமே அவருக்குச் சாதகம். நடுவில் நீளவாக்கில் இரண்டு வரிசைச் சிறு கோடுகள் உண்டு. ஒவ்வொரு முறையும் பந்து அவற்றின் மேலோ இடையிலோ இருந்துதான் ஆட்டத்துக்கு வரும். கல்லூரியில் இரண்டு வரிசைக்கும் இடைவெளி 40 அடி, தொழில்முறையில் பதினெட்டரை அடி. கல்லூரியில் பந்து ஓரமாகக் கிடக்கும்போது மறுபக்கம் அத்தனையும் திறந்து கிடக்கும். ஓடத் தெரிந்தவன் அங்கே ராஜா. அவனைத் தடுக்கக் காவலர்கள் முன்னே வந்துவிட்டால் பின்னால் பந்து பிடிக்கிறவர்கள் ஆளில்லாமல் நிற்பார்கள். பயிற்சியாளர் அர்பன் மேயர் இந்தக் கணக்கை நன்றாக அறிந்தவர். போதாததற்கு, கல்லூரியில் பந்து பிடித்தவர் ஒரு காலை எல்லைக்கோட்டுக்குள் ஊன்றினால் போதும், என்.எஃப்.எல்-இல் இரண்டு காலும் வேண்டும். கல்லூரியில் முதல்நிலை அணிகளே 130-க்கு மேல். தொழில்முறையில் 32. வாரம் தவறாமல் எதிரே நிற்கிற ஒவ்வொருவரும் ஏதோ ஒரு கல்லூரியின் நட்சத்திரமாக இருந்தவர்தான்.

புதிய வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் டென்வர் பிராங்கோஸ் அணி அவரை 25-ஆவது ஆளாக எடுத்தது. எடுத்த பயிற்சியாளர் அந்த ஆண்டு முடிவதற்குள் வேலை இழந்தார். புதிய பயிற்சியாளர் ஜான் ஃபாக்ஸுக்கு டிபோ தேடி எடுத்தவர் அல்ல, வந்து சேர்ந்தவர். 2011-இல் ஐந்து ஆட்டங்களில் நான்கு தோற்றபின் வேறு வழியில்லாமல் களமிறக்கினார்கள். மியாமியில் மூன்று நிமிடம்கூட மீதமில்லை, 15–0 என்று பின்தங்கல். அதைச் சமன் செய்து கூடுதல் நேரத்தில் வென்றார்கள். கான்சஸ் சிட்டியில் ஆட்டம் முழுக்க எட்டே முறை எறிந்தார், இரண்டுதான் கைசேர்ந்தது, அதையும் வென்றார்கள். முதல் எட்டு ஆட்டத்தில் ஏழு வெற்றி. களத்தில் அவர் மண்டியிட்டு ஜெபித்ததைப் போலவே நாடே மண்டியிட்டுப் போஸ் கொடுத்தது.

பிறகு 2012 ஜனவரி 8, பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸுடன், தோற்றால் வெளியே என்ற பிளேஆஃப் ஆட்டம். சமநிலையில் முடிந்து கூடுதல் நேரம். பிட்ஸ்பர்க்கின் தேர்ந்த பின்காவலர்களில் ஒருவர் அன்று ஆடவில்லை. அவருக்கு சிக்கிள் செல் மரபுக்கூறு உண்டு. கடல்மட்டத்திலிருந்து ஒரு மைல் உயரத்தில் இருக்கும் டென்வரில் ஆடுவது உயிருக்கே ஆபத்து. டிபோ ஓடத்தான் போகிறார் என்று மற்ற காவலர்கள் முன்னால் நெருங்கி நின்றார்கள். டிபோ எறிந்தார். டெமேரியஸ் தாமஸ் நடுவில் ஓடிவந்து பிடித்து, துரத்தியவரை ஒரு கையால் தள்ளிவிட்டு ஓடி, 80 யார்டு டச்டவுனாக முடித்தார். கூடுதல் நேரம் தொடங்கி 11 விநாடி. அன்று டிபோ எறிந்து சேர்த்த மொத்தம் 316 யார்டு. இறுதியாட்டம் ஒன்றில் கண்ணுக்குக் கீழே பைபிள் வசனமான யோவான் 3:16 என்று எழுதிக்கொண்டு ஆடியவர் என்பதால் பக்தர்களுக்கு இது போதுமானதாக இருந்தது.

எனக்கு அந்த 316-ஐவிட இன்னொரு எண்தான் முக்கியம். கல்லூரியில் அவர் எறிந்த பந்துகளில் நூற்றுக்கு 66 உரியவர் கையில் சேர்ந்தன. 2011-இல் டென்வரில் அது 46.5. ஸ்டீலர்ஸை வென்ற அடுத்த வாரம் நியூ இங்கிலாந்து 45–10 என்று நொறுக்கியது. மார்ச்சில் பெய்ட்டன் மானிங் டென்வருக்கு வந்தார், டிபோ நியூயார்க் ஜெட்ஸுக்குத் தள்ளிவிடப்பட்டார். அங்கே பருவம் முழுவதும் எட்டு முறைதான் எறிந்தார். பந்தை உதைப்பவருக்குக் காவல் நிற்கும் வேலைகூடச் செய்தார். 2013-க்கும் 2015-க்கும் நடுவில் இரண்டு அணிகள் பயிற்சி முகாம் வரை கூப்பிட்டு அனுப்பிவிட்டன. அதன்பின் ஒரு முறையான ஆட்டம்கூட அவருக்கு வாய்க்கவில்லை.

அந்தக் காலத்தில் அணிகளுக்கு இதில் ஆச்சரியமில்லை. ஹைஸ்மன் வாங்கிய குவாட்டர்பேக்குகள் பலரைப் பார்த்து அணிகள் முகம் சுளித்ததுண்டு. 1992-இல் வென்ற ஜினோ டொரெட்டா ஏழாவது சுற்றில்தான் போனார். 1993-இல் வென்ற சார்லி வார்டை ஒரு அணியும் எடுக்கவில்லை. அவர் கூடைப்பந்துக்குப் போய் நியூயார்க் நிக்ஸில் நன்றாகவே ஆடினார். எரிக் க்ரவுச்சைக் குவாட்டர்பேக்காகவே யாரும் மதிக்கவில்லை, பந்து பிடிக்கிறவராக எடுத்தார்கள். ஜேசன் வைட்டையும் டிராஃப்டில் யாரும் எடுக்கவில்லை. கல்லூரியில் கொடிகட்டிப் பறந்தான் என்றால் அங்கே ஏதோ சூழ்ச்சி ஆட்டம் ஆடியிருக்கிறான், நம்மிடம் அந்தப் பாச்சா பலிக்காது என்பதே என்.எஃப்.எல்-இன் எண்ணம். மாற வேண்டியவன் வருகிறவன்தான், லீக் மாறாது.

இன்று லீக் மாறியிருக்கிறது. அதைத் தொடங்கி வைத்தவர் ப்ளோரிடாவில் டிபோவுக்குப் பின்னால் மாற்று ஆட்டக்காரராக உட்கார்ந்திருந்த கேம் நியூட்டன். டிபோ இருக்கும்வரை தனக்கு இடமில்லை என்று கண்டு வெளியேறி, டெக்ஸாஸில் ஒரு சிறு கல்லூரியில் ஓராண்டு ஆடி, ஆபர்ன் போய் 2010-இல் ஹைஸ்மன் வென்றார். அடுத்த ஆண்டு கரோலைனா அவரை முதல் ஆளாக எடுத்தது. எடுத்ததோடு நிற்காமல், கல்லூரியில் அவர் ஆடிய ஓட்டங்களையும் தன் ஆட்டத் திட்டத்துக்குள் கொண்டுவந்தது. 2015-இல் லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருது அவருக்கு. ஆனால் டிபோவுக்கும் இவருக்கும் உள்ள வேறுபாட்டை மறந்துவிடக் கூடாது: நியூட்டன் தன் முதல் என்.எஃப்.எல் ஆட்டத்திலேயே 422 யார்டு எறிந்தவர். திட்டம் அவருக்கு வளைந்து கொடுத்தது. கை அதற்கு முன்பே தயாராக இருந்தது.

வளைந்து கொடுப்பதிலும் ஆபத்து உண்டு என்பதை 2012 காட்டியது. 2011-இன் ஹைஸ்மன் வெற்றியாளர் ராபர்ட் கிரிஃபின் வாஷிங்டனில் ஓடியும் எறிந்தும் முதல் பருவத்திலேயே அசத்தினார். பிளேஆஃபில் முழங்கால் கிழிந்தது. மறுபடி அந்தப் பழைய ஆள் வரவே இல்லை.

உண்மையான திருப்பம் லமார் ஜாக்சன். 19 வயதில் ஹைஸ்மன் வாங்கிய லூயிவில் மாணவர். 2018 டிராஃப்டுக்கு முன்னால், புகழ்மண்டபத்தில் இடம்பெற்ற முன்னாள் அணி நிர்வாகி பில் போலியன் இவர் பந்து பிடிக்கிறவராக மாறுவதே நல்லது என்றார். டிபோவும் க்ரவுச்சும் கேட்ட அதே பழைய பல்லவி. ஜாக்சன் மாட்டேன் என்றார். நான்கு குவாட்டர்பேக்குகள் போனபின், முதல் சுற்றின் கடைசி இடமான 32-இல் பால்டிமோர் எடுத்தது. அடுத்த ஆண்டு அந்த அணி செய்ததைத்தான் டிபோவுக்கு டென்வர் அரைமனதாகச் செய்தது: ஆட்டத் திட்டத்தையே பிரித்து, ஜாக்சனைச் சுற்றித் திரும்பக் கட்டியது. 1,206 யார்டு ஓட்டம், 36 டச்டவுன் எறிவு, அணிக்கு 16 ஆட்டத்தில் 14 வெற்றி. சிறந்த வீரர் விருதுக்கு வாக்களித்த அத்தனை பேரும் அவருக்கே போட்டார்கள். போலியன் தான் சொன்னது தவறு என்று ஒப்புக்கொண்டார்.

இப்போது ஹைஸ்மன் வென்ற குவாட்டர்பேக் என்றால் அணிகள் முந்திக்கொள்கின்றன. பேக்கர் மேஃபீல்ட், கைலர் மரே, ஜோ பர்ரோ, பிரைஸ் யங், கேலப் வில்லியம்ஸ் எல்லாரும் முதல் இடத்திலேயே போனார்கள். ஜேடன் டேனியல்ஸ் இரண்டாம் இடம். கல்லூரி ஆட்டமுறைகள் என்.எஃப்.எல்-க்கு ஏறிவிட்டதால், புதிதாக வருகிறவனுக்கு அங்கே நடப்பது பாதி பழகிய பாடம். இன்னொன்றும் உண்டு: இன்றைய நட்சத்திரம் கல்லூரி மாறி மாறி ஐந்து பருவம் ஆடிவிட்டு வருகிறார். டேனியல்ஸ் அரிசோனா ஸ்டேட்டிலும் எல்.எஸ்.யு-விலும் 50-க்கு மேற்பட்ட ஆட்டங்களைத் தொடங்கிவிட்டு 2024-இல் வாஷிங்டன் வந்தார். முதல் பருவத்திலேயே அணியை லீக்கின் இறுதியாட்டமான சூப்பர் பௌலுக்கு ஒரு படி முன்வரை கொண்டுபோனார்.

ஆனாலும் கரோலைனா பிரைஸ் யங்கை அவருடைய இரண்டாம் பருவத்தின் இரண்டே ஆட்டம் முடிந்ததும் ஓரம் உட்கார வைத்தது. பின்னர் அவர் திரும்பி வந்து தன்னை நிலைநிறுத்திக்கொண்டது வேறு கதை. ஆரவாரத்தை நம்பி எடுத்தால் என்னவாகும் என்ற பயம் அணிகளுக்குப் போய்விடவில்லை. 2025 ஏப்ரலில் ஷெடூர் சாண்டர்ஸ் விஷயத்தில் அது நன்றாகவே தெரிந்தது. புகழ்பெற்ற தந்தை டியானின் பயிற்சியில் ஆடியவர். கொலராடோ பல்கலைக்கழகம் அவருடைய எண்ணை இனி யாருக்கும் தருவதில்லை என்று அறிவித்துவிட்டது. டிராஃப்டில் முதல் சுற்று போனது, இரண்டு, மூன்று, நான்கு போனது. ஐந்தாவது சுற்றில் 144-ஆவது ஆளாகக் கிளீவ்லாந்து எடுத்தது. அதுவும் மூன்றாம் சுற்றில் வேறொரு குவாட்டர்பேக்கை எடுத்து வைத்துக்கொண்டபின்.

டிபோ காலத்தில் இப்படிச் சறுக்கியிருந்தால் எல்லாமே போச்சு, கல்லூரியில் சம்பாதித்து வைத்திருக்கவும் வழியில்லை. அவர் பெயர் சொல்லி அவருடைய 15-ஆம் எண் சட்டை மலைமலையாக விற்றபோது ஒரு சென்ட்கூட அவர் தொடமுடியவில்லை. கல்லூரி வீரர் காசு வாங்கக் கூடாது என்பது அன்றைய விதி. ரெஜி புஷ் வாங்கினார் என்று தெரிந்து 2010-இல் அவருடைய ஹைஸ்மனே பறிபோனது. 2021 ஜூலையில் வீரர்கள் தம் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்றானது. 2024-இல் புஷ்ஷிடம் கோப்பையைத் திருப்பிக் கொடுத்தார்கள். 2025 முதல் பல்கலைக்கழகங்களே ஆண்டுக்கு இரண்டு கோடி டாலருக்கு மேல் தம் வீரர்களுக்கு நேரடியாகப் பங்கிட்டுத் தரலாம். இன்னொரு பக்கம், தொழில்முறைக்கு வரும் புதியவரின் சம்பளம் குறைந்தது. 2010-இன் முதல் ஆள் சாம் பிராட்ஃபோர்டுக்கு ஐந்து கோடி டாலர் உறுதிப் பணம். மறு ஆண்டு புதிய ஒப்பந்த விதி வந்து நியூட்டனுக்கு நான்கு ஆண்டுக்கு மொத்தமே 2.2 கோடி. தவறிய தேர்வு ஒன்று அணியைப் பல ஆண்டு முடக்கிப்போடும் நிலை போனது. அதனால் அணிகள் துணிந்து இளைஞர்களைக் களமிறக்குகின்றன, அதே துணிச்சலோடு இரண்டு ஆண்டில் கைகழுவவும் செய்கின்றன.

டிபோ இன்று வந்திருந்தால்? என் கணிப்பு: முழுநேரக் குவாட்டர்பேக்காக இப்போதும் நிலைத்திருக்க மாட்டார். ஓட்டத்தைச் சுற்றித் திட்டம் கட்டலாம். நூற்றுக்கு 46-ஐச் சுற்றி எதையும் கட்ட முடியாது. ஜாக்சனைப் பற்றிச் சொன்னவர்கள் தோற்றார்கள் என்பதால் டிபோவைப் பற்றிச் சொன்னவர்களும் தவறு என்று ஆகிவிடாது. ஆனால் வேலையில்லாமல் போயிருக்க மாட்டார். நியூ ஆர்லியன்ஸில் டேசம் ஹில் என்றொருவர் குவாட்டர்பேக்காகவும், ஓடுகிறவராகவும், பந்து பிடிக்கிறவராகவும், உதைப்பவருக்குக் காவலாகவும் ஆண்டுக்கணக்கில் ஆடிப் பெரும் சம்பளம் வாங்கினார். டிராஃப்டில் அவரை யாரும் எடுக்கவில்லை. 2012-இல் ஜெட்ஸ் டிபோவை வைத்து அதைத்தான் அரைகுறையாக முயன்றது. டிபோவுக்கோ குவாட்டர்பேக்காகத்தான் ஆட வேண்டும். இடையில் பேஸ்பால் ஆடப் போய், நியூயார்க் மெட்ஸின் கீழ்நிலை அணிகளில் சில ஆண்டுகள் மட்டை பிடித்தார். கடைசியில் 2021-இல், 34-ஆவது பிறந்தநாளை ஒட்டி, ஜாக்சன்வில்லில் பழைய குரு அர்பன் மேயரிடமே டைட் எண்டாக, அதாவது எதிரணியைத் தடுத்தும் பந்து பிடித்தும் ஆடுகிறவராக, வந்து நின்றார். ஒரு பயிற்சி ஆட்டத்தோடு அனுப்பிவிட்டார்கள். கல்லூரி ஆட்டத்தில் பேரெடுத்து என்.எஃப்.எல்-க்கு வந்த மேயரும் டிசம்பருக்குமேல் தாக்குப்பிடிக்கவில்லை. 13 ஆட்டம், இரண்டு வெற்றி.