அப்பா உரத்துக்குக் காசு கேட்டா மொத்தமா அனுப்பாதீங்க!

"தம்பி, புழுதி விதைப்பு போடப்போறோம். விதைக்கும் உரத்துக்கும் ஒரு பதினஞ்சாயிரம் போட்டுவிடு."

ராமநாதபுரம் பக்கம் சொந்த ஊர், வேலை சென்னையிலோ பெங்களூருவிலோ என்றால் ஆவணி, புரட்டாசியில் இந்த போன் உங்களுக்கும் வரும். ஜிபே பண்ணிட்டு மறந்துடுவீங்க. மியூச்சுவல் ஃபண்டுல 500 ரூபாய் போட பத்து வீடியோ பார்க்கிற நாம, இதுல ஒரு கேள்விகூட கேட்க மாட்டோம்.

நம்ம ஊர் மானாவாரி நெல், வடகிழக்குப் பருவமழையை நம்பி காய்ந்த மண்ணில் விதைப்பது. மழை வருவதற்கு முன்னாடியே முழு உரத்தையும் வாங்கிப் போட்டால், மொத்த ரிஸ்க்கும் முதல் நாளே தலையில் ஏறிடும். அதுவும் யூரியா! 45 கிலோ மூட்டை 266 ரூபாய் சொச்சம்தான், மானிய விலை. சல்லிசு என்பதால் கை தாராளமாகப் போடும். ஆனால் ஈரம் பத்தாத மண்ணின் மேல் கிடந்தால் அதில் ஒரு பகுதி அமோனியாவாகக் காற்றோடு போயிடும்.

அதனால் முதல் காசு விதைப்புக்கு. ஏக்கருக்கு 30 கிலோ விதை என்றால், 30 லிட்டர் தண்ணீரில் 300 கிராம் பொட்டாஷ் கரைத்து ஒரு ராத்திரி ஊறவைத்து, நிழலில் பழையபடி உலர்த்தணும். ஒரு டீ, வடை செலவுதான். வறட்சியைத் தாங்கி முளைக்க இது உதவும். பரமக்குடி ஆராய்ச்சி நிலையம் தந்த அண்ணா 4 மாதிரி வறட்சி தாங்கும் ரகம் கிடைத்தால் இன்னும் நல்லது. கையால் வீசாமல், டிராக்டரில் மாட்டும் விதைப்புக் கருவியால் வரிசையாகப் போடச் சொல்லுங்க. வாடகை கொடுக்கணும்தான். ஆனா விதை மிச்சம், வரிசைக்கு நடுவே களை எடுப்பதும் சுலபம். புழுதி விதைப்பில் மகசூலைத் தின்பதே களைதான்.

அடியுரமாக, மணிச்சத்து கலந்து ஊட்டமேற்றிய தொழுவுரம் ஏக்கருக்கு 300 கிலோ. யூரியா காசை மட்டும் கையில் வைத்திருங்க. முளைத்து 20–25 நாளில் ஒரு தவணை, 40–45 நாளில் இன்னொன்று, ரெண்டுமே வயலில் ஈரம் இருந்தால்தான். மழை இல்லையா, காசு உங்க அக்கவுண்ட்லயே இருக்கும்.

மூடாக்கு? பஞ்சாபில் ஹேப்பி சீடர் வைத்து வைக்கோலுக்கு நடுவே கோதுமை விதைக்கிற வீடியோ பார்த்துட்டு வைக்கோலை வயலில் பரப்பச் சொல்லாதீங்க. அங்கே அது எரிக்கப்பட்ட கழிவு, இங்கே மாட்டுத் தீவனம். மல்ச்சிங் ஷீட், கிணறோ போரோ இருந்து சொட்டுநீர் போட்ட மிளகாய்க்குத்தான் கணக்கில் வரும். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம முண்டு மிளகாயைத்தான் சொல்றேன். சிறு, குறு விவசாயிக்குச் சொட்டுநீருக்கு 100 சதவீத மானியம் உண்டு. முதலில் அதற்கு எழுதிப் போடுங்க.

கடைசியாக, பயிர்க் காப்பீடு. ராபி பருவ நெல்லுக்கு விவசாயி பங்கு காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம், அதாவது 30,000-க்கு 450 ரூபாய். மிளகாய் மாதிரி தோட்டப்பயிருக்கு 5 சதவீதம். நெல்லுக்கு இழப்பீடு உங்க வயலை மட்டும் பார்த்து வராது, கிராமத்தோட சராசரி மகசூலை வைத்துத்தான் வரும். அடங்கலில் பயிர் பெயர் சரியா இருக்கான்னு அப்பாகிட்ட கேட்டுட்டு, கட்டின ரசீதை வாட்ஸ்அப்ல வாங்கி வச்சுக்கோங்க.