கடலோரத்தில் ஒரு நன்னீர்க் கிணறு

மும்பையில் சர்ச்கேட்டை ஒட்டி நிற்கும் பீக்கா பெஹ்ராம் கிணறு 1725-இல் வெட்டப்பட்டது. கடல் அப்போது இன்னும் நெருக்கத்தில் இருந்தது. ஆனாலும் ஊறியது நல்ல தண்ணீர். காரணம் எடைதான். மண்ணில் இறங்கிய மழைநீர் உப்புநீரைவிட இலேசானது. அதன்மேல் மிதந்து, அதைக் கீழே அழுத்தி வைக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால், அடியில் சுமார் 40 மீட்டர் வரை நன்னீரே இருக்கும் என்பது மணல் நிலத்துக்கான கணக்கு. மும்பையின் எரிமலைப் பாறையில் அளவு மாறலாம், போக்கு மாறாது: ஆழ்துளைக் கிணறுகள் அளவின்றி உறிஞ்சினால் உப்பு மேலேறும்.

ஆண்டுக்கு 2,000 மி.மீ.க்கு மேல் மழை பெறும் ஊருக்கு வறண்ட நிலத்துக்குரிய தண்ணீர்க் கவலை எதற்கு என்று கேட்கலாம். அந்த மழை பெரும்பாலும் நான்கே மாதங்களில் கொட்டிவிடுகிறது. பாறையின் வெடிப்புகளில் தங்குவது கொஞ்சம், கான்கிரீட் தரையில் இறங்குவது அதனினும் கொஞ்சம். தாராவியில் குடங்கள் வரிசையில் காத்திருக்கும் மே மாதத்தில் இந்த நகரமும் வறண்ட நிலம்தான். எனவே கிணறுகள் தேவை. அவை கொசுவை வளர்க்கும் என்ற அச்சம் நியாயமானது. மலேரியாவுக்கு அஞ்சி இங்கே பல கிணறுகள் மூடப்பட்டன. ஆனால் கொசுவைத் தடுக்க இறுக்கமான வலைமூடி போதும். கிணற்றைத் தூர்த்துவிட்டால், நிலத்தடி நீர் எவ்வளவு இறங்கியது என்று கயிறு விட்டுப் பார்க்கும் இடமும் போய்விடும்.