வாடகை வீடு: தளபாடங்களுடனா, வெறுமையாகவா?

ரொறன்ரோவிலிருந்து கிழக்கே ஏறக்குறைய 60 கிலோமீற்றர் தொலைவிலுள்ள ஒஷாவா நகரில் வீடு வாங்கும் எம்மவர் பலருக்கு, நிலக்கீழ்த் தளத்திலிருந்து வரும் வாடகையின்றி வங்கிக் கடனைக் கட்டுதல் இயலாது. கட்டில், மேசை, கதிரை முதலிய தளபாடங்களையும் சேர்த்துக் கொடுத்தால் வாடகையைக் கூட்டிப் பெறலாமென அவர்களிற் பலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் எவ்வளவு தூரம் சரியானதென்பதை இங்கு ஆராய்வோம்.

தளபாடங்களுடன் கூடிய வீட்டை நாடுவோர் பெரும்பாலும் சில மாதங்களே தங்குபவர்கள். ஒஷாவாவில் இத்தகையோர் இல்லாமலில்லை. 1967இல் நிறுவப்பட்ட டூரம் கல்லூரியிலும், 2003இல் வகுப்புகளைத் தொடங்கிய ஒன்ராறியோ தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் பயிலவரும் மாணவர்கள் அவர்களில் முக்கியமானவர்கள். ஆயினும், வெளிநாட்டு மாணவர்களுக்கான அனுமதிகளுக்கு மத்திய அரசு 2024இல் உச்சவரம்பு விதித்த பின்னர், மாணவர்களை மட்டும் நம்பியிருத்தல் அறிவுடைமையாகாது.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். வெறுமையாக விட்டால் மாதம் 1,800 டொலர் தரும் வீடு, தளபாடங்களுடன் 1,950 டொலர் தருவதாகக் கொள்வோம். முன்னதில் ஒரு குடும்பம் ஆண்டு முழுவதும் இருந்தால் வரவு 21,600 டொலர். பின்னதில் ஆள் மாறும்போது ஒரேயொரு மாதம் வீடு பூட்டிக்கிடந்தால் வரவு 21,450 டொலர். தளபாடங்களுக்குச் செலவிட்ட பணமோ இக்கணக்கிற் சேரவில்லை.

அடுத்தது சட்டம். 2007 ஜனவரி 31இல் நடைமுறைக்கு வந்த ஒன்ராறியோ வாடகைக் குடியிருப்புச் சட்டம், வாடகையோடு வழங்கப்படும் தளபாடங்களையும் வீட்டு வசதிகளுள் ஒன்றாகவே கருதுகின்றது. அவற்றைப் பழுதின்றி வைத்திருப்பது உரிமையாளரின் கடமை. இடையில் அவற்றை எடுத்துச் சென்றால், வாடகையைக் குறைக்கக் கோரிக் குடியிருப்போர் விண்ணப்பிக்கலாம். தளபாடங்கள் சேதமடையக்கூடுமென முற்பணம் வாங்குவதற்கும் இடமில்லை. கடைசி மாத வாடகையை மட்டுமே முன்கூட்டிப் பெறலாம். கவனக்குறைவால் நேரும் சேதத்துக்குக் குடியிருப்போர் பொறுப்பாவர். நாளாந்தப் பாவனையால் வரும் தேய்மானம் உரிமையாளரின் தலையிலேயே விழும். உரிமையாளருடன் சமையலறையையோ குளியலறையையோ பகிர்ந்துகொள்ளும் குடியிருப்புகளை இச்சட்டம் கட்டுப்படுத்தாது.

கல்லூரியை அண்டிய பகுதியில் அறை அறையாக வாடகைக்கு விட எண்ணுவோர் மற்றொன்றையும் கவனிக்கவேண்டும். அப்பகுதி வாடகை வீடுகளுக்கு அனுமதிப்பத்திரம் பெறும் முறையை நகரசபை 2008இல் கொண்டுவந்தது. தளபாடங்கள் வாங்கமுன் நகரசபையில் விசாரித்தறிதல் நன்று.

அப்படியாயின் தளபாடங்களுடன் விடவே கூடாதா? அவ்வாறு நாம் கூறவில்லை. கையில் இரு பெட்டிகளோடு வந்திறங்கும் அகதிக் குடும்பத்துக்கு ஒரு கட்டிலும் மேசையும் பேருதவியாகும். ஆனால் வீதியோரத்திற் கிடந்த மெத்தையைக் கொண்டுவந்து போட்டுவிட்டு அதற்கும் சேர்த்து வாடகை கேட்பது உதவியல்ல. அதனோடு மூட்டைப்பூச்சியும் வந்தால், அதை ஒழிக்கும் செலவு வாடகையின் இலாபத்தை விழுங்கிவிடும்.

எமது கருத்து இதுவே: நெடுநாள் தங்கவிருக்கும் குடும்பத்துக்கு, குளிர்சாதனப் பெட்டியும் மின்னடுப்பும் வைத்து, ஏனையவற்றை அவர்கள் விருப்பத்துக்கு விட்டுவிடுவதே இரு சாராருக்கும் நன்று. மாணவருக்கோ புதிதாக வந்தோருக்கோ தளபாடங்களுடன் விடுவதாயின், ஒவ்வொரு பொருளையும் அதன் நிலையையும் பட்டியலிட்டு, படமெடுத்து, இருவரும் கையொப்பமிட்டு வாடகை ஒப்பந்தத்துடன் இணைத்துக்கொள்ள வேண்டும். 2018 ஏப்ரல் 30 முதல் பெரும்பாலான வாடகை வீடுகளுக்கு மாகாண அரசின் பொது ஒப்பந்தப் படிவம் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. வீட்டுக் காப்புறுதி அத்தளபாடங்களை உள்ளடக்குகிறதா என்பதையும் கேட்டறிய வேண்டும்.

'எங்கட ஆக்கள்தானே, எழுத்து எதற்கு?' என்று கேட்போர் உளர். பழைய கதிரையொன்றுக்காக உறவு முறியாதிருக்க வேண்டுமானால், எங்கட ஆக்களிடையேதான் எழுத்து முதலில் வேண்டும்.