எஞ்சின் தொங்கும் கூரை தாங்குமா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் திருவொற்றியூர் தேரடியிலிருந்து விம்கோ நகர் வரை உள்தெருக்களில் நடந்து போனால், பானெட்டைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்த ஒரு காராவது கண்ணில் படும். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வீட்டுக்காரரே வேலை பார்ப்பார். மகனோ மச்சானோ ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பார்கள். வீட்டிலேயே ஒர்க்ஷாப் போடுவது மற்ற இடங்களில் புது ஆசையாக இருக்கலாம், வடசென்னையில் அது பரம்பரைப் பழக்கம். 1948-ல் எண்ணூரில் மோட்டார் தொழிற்சாலை வந்தது. ஐம்பதுகளின் நடுவில் திருவொற்றியூருக்கு மோட்டார் சைக்கிள் வந்தது. இரண்டுக்கும் வெகுகாலம் முன்பே துறைமுகம். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை, இரும்போடு பழகிய ஒருவராவது இல்லாத சொந்தபந்தத்தைப் பார்ப்பது கஷ்டம்.

எஞ்சினையே இறக்கும் துணிச்சலுக்குக் காரணம் இரண்டு. ஒன்று, தண்ணீர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையில் முங்கி நின்ற கார்களை மறக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் போனது தெரியாமல் சாவியைத் திருகினால், தண்ணீரை அமுக்க முடியாத பிஸ்டன் கனெக்டிங் ராடை வளைத்துவிடும். அதற்குப் பிறகு எஞ்சினை வெளியே எடுக்காமல் தீராது. வெளியில் கேட்கும் கூலிக்குப் பயந்து வீட்டிலேயே பிரித்தவர்கள் உண்டு. இன்னொன்று, பழைய வண்டி மேல் உள்ள பாசம். அம்பாசடரும் மாருதி 800-ம் ஒரே வருஷத்தில், 2014-ல், உற்பத்தி நின்றுபோயின. அப்பா ஓட்டிய வண்டியை ஓடவைத்தே தீருவேன் என்று நிற்பவர்களுக்கு வீட்டு வாசல்தான் பட்டறை.

பேட்டரியைக் கழற்றுவது, பெட்ரோல் லைனை அடைப்பது, கூலன்ட்டை வடிப்பது எல்லாம் இவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அங்கே யாரும் தவறுவதில்லை. எனக்குக் கவலை அதற்கு அடுத்த நிமிஷத்தைப் பற்றித்தான். எஞ்சின் மவுண்டிங் போல்ட்டுகளைக் கழற்றியாயிற்று, செயின் பிளாக் வந்தாயிற்று, அதை எதில் மாட்டப் போகிறோம்?

மூன்று சிலிண்டர் சின்ன எஞ்சினை ஒரு கட்டையைக் குறுக்கே கொடுத்து நாலு பேர் தோளிலேயே தூக்கிவிடுவார்கள். நாலு சிலிண்டர் டீசல் எஞ்சின் கியர்பாக்ஸோடு சேர்ந்து வந்தால் 150 கிலோவைத் தாண்டும், 200-ஐ நெருங்கும். அந்தச் சுமைக்கு இங்கே கிடைக்கும் இடங்கள் போர்டிகோ பீம், மாடிப்படியின் அடிப்பக்கம், கார் நிறுத்தும் இடத்து ஸ்லாப்பில் ஓட்டை போட்டுக் குறுக்கே வைத்த இரும்புக் கம்பி. சில வீடுகளில் ஃபேன் ஹூக். சில கிலோ எடையுள்ள மின்விசிறிக்காகக் காங்கிரீட்டில் பதித்த வளையம் அது.

ஊர் கடலோரம். உப்புக் காற்று காங்கிரீட்டின் நுண்துளை வழியாக உள்ளே போய்க் கம்பியைத் தொடுகிறது. இரும்பு துருவாக மாறும்போது பருமன் இரண்டு மடங்குக்கும் மேல் கூடும். அந்த வீக்கம் உள்ளிருந்து காங்கிரீட்டைப் பிளக்கிறது. முதலில் கம்பி போகும் தடத்தில் நூல் மாதிரி விரிசல், பிறகு பழுப்புக் கறை, கடைசியில் பொருக்கு பொருக்காக உதிர்கிறது. காசிமேட்டிலோ எண்ணூர் குப்பங்களிலோ இதைப் பார்க்காத வீட்டுக்காரர் கிடையாது. கடலோரக் காற்றுக்கு நேராக இருக்கும் கட்டடத்தில் கம்பிக்குக் கீழே 45 மில்லிமீட்டர் காங்கிரீட் மூடாக்கு வேண்டும், கலவை எம்-30 தரமாவது வேண்டும் என்பது ஐஎஸ் 456 என்ற இந்தியத் தர நிர்ணயம் 2000-ல் சொன்ன கணக்கு. அதற்கு முன்பே மேஸ்திரி கைக்கணக்கில் போட்ட வீடுகள்தான் இங்கே தெருத்தெருவாக நிற்கின்றன. பல இடங்களில் கம்பி வெளியே எட்டிப் பார்க்கிறது. அதன்மேல் சிமென்ட் பூசி, பெயின்ட் அடித்து, பொங்கலுக்குப் புதுசாக்கிவிடுகிறோம். பூச்சு சுமையைத் தாங்காது.

போர்டிகோ இன்னும் மோசம். சுவரிலிருந்து வெளியே நீட்டி நிற்கும் ஸ்லாப்பில் சுமை தாங்கும் கம்பி மேல்பக்கத்தில் இருக்கும். மழைத் தண்ணீர் தேங்குவதும் அதே மேல்பக்கம்தான். கம்பி அரித்துப்போனது கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. வசதியாக வண்டி நிற்கும் இடம் என்று, எஞ்சினை மாட்டுவதோ அந்த ஸ்லாப்பின் வெளி ஓரத்தில். நீட்டிய கையின் நுனியில் வாளியைத் தொங்கவிட்டால் தோள்பட்டைக்கு என்ன ஆகுமோ, அதுவே சுவரோடு ஸ்லாப் சேரும் இடத்துக்கும் ஆகிறது. ராயபுரத்தின் பழைய வீடுகளில் உள்ள மெட்ராஸ் டெரஸ் கூரை வேறு ரகம். தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல்லைச் சாய்த்து அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட கூரை. உத்தரம் நடுவில் வைரம் பாய்ந்து இருக்கும், சுவருக்குள் புதைந்த முனை ஈரத்தில் உளுத்திருக்கும்.

எஞ்சின் எடையைப் பார்த்து மட்டும் கணக்குப் போடுவதும் ஆபத்து. சுமை திடீரென்று சங்கிலியில் விழுந்தால் அது நின்று தொங்கும் எடையைப் போல இரண்டு மடங்காக உறைக்கும். இறுகிப்போன மவுண்டிங் போல்ட் ஒன்று கழறாமல் இருந்து, ஆள் செயினை இழுத்துக்கொண்டே இருந்தால், மேலே ஏறுவது எஞ்சின் அல்ல, காரின் முன்பாதி. அந்த போல்ட் படீரென்று விடும் நொடியில் கூரைக்கு விழும் குலுக்கலை எந்தப் போர்டிகோவுக்கும் கணக்கில் எடுத்திருக்க மாட்டார்கள்.

“முப்பது வருஷமா இதே பீம்லதான் தூக்குறோம், ஒண்ணும் ஆகல” என்பது பட்டறைகளில் அடிக்கடி காதில் விழும் பதில். அவர்கள் அனுபவத்தை மதிக்கிறேன். முப்பது வருஷமாக அதே பீம் உப்புக் காற்றையும் தின்றிருக்கிறது என்பதுதான் என் கவலையே.

இதே ஊரின் மதில் சுவருக்கு அந்தப் பக்கம் நிலைமை தலைகீழ். துறைமுகத்தில் சுமை தூக்கும் எந்தச் சாமானும் சோதிக்கப்படாமல் கொக்கியில் ஏறக் கூடாது. கப்பல்துறைத் தொழிலாளர் பாதுகாப்புக்கு 1986-ல் வந்த சட்டமும் 1990-ல் வந்த ஒழுங்குமுறைகளும் அதற்கென்றே இருந்தன. சின்ன கிரேன் என்றால் குறித்த அளவைவிடக் கால் பங்கு கூடுதலாகச் சுமை ஏற்றிப் பார்க்க வேண்டும், ஷாக்கிளும் கொக்கியும் என்றால் இரண்டு மடங்கு. தொழிற்சாலைகளுக்கு 1948-ன் சட்டத்தில் 29-வது பிரிவு. பன்னிரண்டு மாதத்துக்கு ஒரு முறையாவது தகுதி பெற்ற ஆள் சங்கிலி, கயிறு, கொக்கி அத்தனையையும் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்றது. அந்தக் கட்டுப்பாட்டில் வாழ்நாள் முழுக்க வேலை பார்த்த கலாசிகளும் ஃபிட்டர்களும் ஓய்வுபெற்று இதே தெருக்களில்தான் இருக்கிறார்கள். வீட்டு வாசலுக்கு அந்தச் சட்டம் வராது. அந்த அறிவு வருவதற்கு யாரும் தடை சொல்லப்போவதில்லை.

வழி ஒன்றுதான். சுமை கூரை வழியாக இறங்கக் கூடாது, நேராகத் தரைக்குப் போக வேண்டும். வெல்டிங் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லாத பகுதி இது. 150 மில்லிமீட்டர் உயரமுள்ள ஐ-பீம் மீட்டருக்குச் சுமார் 15 கிலோ. மூன்று மீட்டர் துண்டை இரண்டு பக்கமும் ‘ஏ’ வடிவக் கால்களில் போல்ட் போட்டு நிறுத்தி, மூலைகளில் குறுக்குச் சட்டம் கொடுத்தால் நடுவில் அரை டன் தொங்கினாலும் பீமுக்கு அது பெரிய வேலையே இல்லை. கால்கள் பக்கவாட்டில் சரியாமல் இருப்பதுதான் முக்கியம், குறுக்குச் சட்டத்தில் கஞ்சத்தனம் கூடாது. டைல்ஸ் மேல் நேராகக் காலை வைக்காமல் அடியில் கனமான தகடு போட வேண்டும். வேலை முடிந்ததும் போல்ட்டைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிடலாம். நெருக்கமான வீடுகளுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

மடக்கு எஞ்சின் கிரேனும் நல்ல சாமான்தான், சுமையைத் தரைக்கே தருகிறது. ஆனால் இரண்டு டன் என்று எழுதியிருப்பது கையைக் குறுக்கிய நிலையில். முழுக்க நீட்டினால் அது அரை டன் அளவுக்குக் குறைந்துவிடும். இடமும் கேட்கும். அம்பாசடரே 4.3 மீட்டர் நீளம். அதற்கு முன்னால் கிரேன் நின்று திரும்ப இன்னும் ஆறேழு அடி வேண்டும் என்றால் ராயபுரத்துச் சந்துகளில் கிரேனின் பின்பாதி தெருவில்தான் நிற்கும்.

முன்சக்கரம் இழுக்கும் பல கார்களில் எஞ்சினைக் கியர்பாக்ஸோடு கீழ்வழியாக இறக்கிவிட்டு, பாடியை மேலே தூக்கி நிறுத்துவார்கள். அப்போது பாடிக்கு அடியில் ஹாலோ பிளாக் கல் வைப்பவர்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், வேண்டாம். அது அறிவிப்பே இல்லாமல் நொறுங்கும். இரும்பு ஸ்டாண்ட் நாலு வாங்கும் காசு அந்த வேலையில் மிச்சமாகும் கூலிக்குள் அடங்கிவிடும்.

சங்கிலி கட்டும் கோணத்தைத் துறைமுகத்து ஆட்களைக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். 200 கிலோ எஞ்சினுக்கு இரண்டு சங்கிலி கட்டினால் ஆளுக்கு 100 என்று நினைக்கிறோம். சங்கிலி இரண்டும் நேர்செங்குத்தாக இருந்தால்தான் அந்தக் கணக்கு. அகல விரிந்து, படுக்கை மட்டத்திலிருந்து 30 டிகிரிதான் எழும்பியிருந்தால் ஒவ்வொன்றிலும் முழு 200 கிலோ இழுவிசை ஏறும். ஆகவே சங்கிலி நீளமாக, கோணம் 60 டிகிரிக்குக் குறையாமல். கட்டுவது எஞ்சினில் அதற்கென்றே வைத்த வளையத்தில், கையில் அகப்பட்ட பிராக்கெட்டில் அல்ல. நைலான் பெல்ட் என்றால் இரும்பு விளிம்பு படும் இடத்தில் தடித்த தோலோ ரப்பரோ கொடுக்க வேண்டும். தொங்கும் எஞ்சினுக்கு அடியில் கையைக்கூட நீட்டக் கூடாது, போல்ட் கீழே விழுந்திருந்தாலும் சரி.

வடித்த ஆயிலைக் கால்வாயில் ஊற்றக் கூடாது என்பதை, 2023 டிசம்பரில் எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்ததைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

வருஷத்துக்கு ஒரு முறை பரிசோதனை என்று சட்டம் சொன்னதற்கு நம் வீடுகளில் ஏற்கெனவே ஒரு நாள் இருக்கிறது. ஆயுத பூஜைக்குச் செயின் பிளாக்கை இறக்கி, மண்ணெண்ணெயில் கழுவி, பொட்டு வைக்கிறோம். பொட்டு வைப்பதற்கு முன்னால் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற துறைமுகத்து ஃபிட்டர் ஒருவரை அழைத்து வந்து சங்கிலியை வளையம் வளையமாகப் பார்க்கச் சொல்லுங்கள். வளையம் உரசும் இடத்தில் கனம் பத்தில் ஒரு பங்கு தேய்ந்திருந்தால் சங்கிலியை மாற்ற வேண்டும். கொக்கியின் வாய் அகலத்தை அளந்து நோட்டில் தேதியோடு எழுதுங்கள், அடுத்த ஆயுத பூஜையில் அளவு கூடியிருந்தால் கொக்கியைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும், சூடு காட்டி வளைத்துச் சரிசெய்யக் கூடாது. கையோடு ஒரு சின்னச் சுத்தியலை எடுத்து, இத்தனை நாள் எஞ்சின் மாட்டிய போர்டிகோவின் அடிப்பக்கத்தையும் தட்டிப் பாருங்கள். வெற்றுச் சத்தம் கேட்டால் எஞ்சின் விஷயத்தை விட்டுவிட்டு அன்றைக்கே கட்டட எஞ்சினீயரை அழையுங்கள்.